பல்லின் மஞ்சள் எங்கே இருக்கிறது?

பல்லை வெள்ளையாக்க என்ன வழி என்று கேட்டால் பத்துப் பேர் பத்து வழி சொல்வார்கள். எலுமிச்சை, கரித்தூள், பேக்கிங் சோடா, விளம்பரத்தில் வரும் பேஸ்ட், நீல விளக்கு. ஒருவர்கூட எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்: உங்கள் பல்லின் மஞ்சள் எங்கே இருக்கிறது? மேலே ஒட்டியிருக்கிறதா, உள்ளே ஊறியிருக்கிறதா, இல்லை அந்தப் பல்லின் இயல்பான நிறமே அதுதானா? மேலே ஒட்டிய கறையைச் சுரண்டி எடுத்துவிடலாம். உள்ளே ஊறியதை என்னதான் தேய்த்தாலும் எடுக்க முடியாது, ரசாயனத்தால்தான் வெளுக்க வைக்கலாம். இயல்பான நிறம் என்றால் ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் நில்லுங்கள். மேலுதட்டைத் தூக்கி முன்பல்லைப் பாருங்கள். கடிக்கும் விளிம்பு லேசாகச் சாம்பல் நீலத்தில், கண்ணாடி போல ஒளி ஊடுருவித் தெரியும். நடுவில் வெண்மை. ஈறை நெருங்க நெருங்க மஞ்சள் கூடும். இது அழுக்கு இல்லை. பல்லின் மேலோடான எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். அதற்குப் பெரிதாகச் சொந்த நிறம் கிடையாது, ஒளியை உள்ளே விடும். அதன் அடியில் இருக்கும் டென்டின்தான் இயல்பிலேயே இளமஞ்சள். கடிக்கும் முனைகளில் 2 மில்லிமீட்டருக்கும் மேல் தடிமனாக இருக்கும் எனாமல், ஈறோரத்தில் கத்திமுனை போல மெலிந்து முடிகிறது. மெல்லிய இடத்தில் அடிநிறம் தெரிகிறது, அவ்வளவுதான். கோரைப்பல் பக்கத்துப் பற்களைவிட மஞ்சளாகத் தெரிவதும் அதில் டென்டின் அதிகம் என்பதால்தான். அதை மட்டும் தனியாகத் தேய்த்துத் தேய்த்து ஈறை இறக்கிக்கொள்பவர்கள் உண்டு. ஈறு இறங்கினால் எனாமலே இல்லாத வேர் வெளியே வரும், வேர் இன்னும் மஞ்சள்.

வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது. உள்ளே பல் தன் கூழை, அதாவது நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மையத் திசுவை, சுற்றி டென்டினை அடுக்கிக்கொண்டே போகிறது. மேலே மெலிவு, உள்ளே தடிப்பு. அதனால் ஐம்பது வயதுப் பல் இருபது வயதுப் பல்லைவிட மஞ்சளாகத்தான் இருக்கும். அந்தப் பல் முழு ஆரோக்கியமாக இருக்கலாம். மறுபுறம், பளிச்சென்ற வெள்ளைப் பல்லுக்கு நடுவிலும் சொத்தை ஓடலாம். ஆரம்பச் சொத்தையே சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாகத்தான் தொடங்குகிறது. நிறத்தை வைத்துப் பல்லின் நலத்தைக் கணிக்கக் கூடாது.

மேலே ஒட்டும் கறைகளை முதலில் பார்ப்போம். தேநீர், காபி, புகையிலை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாத இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, குளோரெக்சிடின் கலந்த மவுத்வாஷ். ஈறு சிகிச்சைக்குப் பிறகு எழுதிக்கொடுப்பார்கள். இரண்டு வாரத்தைத் தாண்டித் தொடர்ந்தால் பல்லிடுக்குகளிலும் நாக்கிலும் பழுப்பு படியும். தேநீரும் காபியும் சேர்ந்தால் இன்னும் அடர்த்தியாகும். இரண்டாவது, இரும்புச்சத்து திரவ மருந்து; கறுப்புக் கோடாகப் படியும். இரண்டுமே மேலோட்டமானவை. பல் மருத்துவர் கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங்கும் பாலிஷும் செய்தால் போய்விடும். இவற்றுக்கு பிளீச்சிங் (ரசாயனத்தால் வெளுப்பது) செய்வது பணத்தையும் பல் கூச்சத்தையும் வீணாக வாங்குவது.

ஸ்கேலிங் என்றதும் எழும் பயம் ஒன்று உண்டு: சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும், எனாமல் தேயும் என்று. நடப்பது என்னவென்றால், பல்லில் படிந்து கெட்டிப்பட்ட அழுக்கான காரை பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் சிமெண்ட் போல அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது இருக்கும் இடத்தில் ஈறு வீங்கி, அடியில் எலும்பு மெல்லக் கரைகிறது. காரையை எடுத்ததும் வீக்கம் வடிகிறது, ஈறு சுருங்குகிறது, ஏற்கனவே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. ஆட்டத்தைக் காரைதான் முட்டுக்கொடுத்து மறைத்திருந்தது. தேய்வு பற்றிச் சொன்னால், அல்ட்ராசோனிக் கருவியின் முனை அதிர்ந்து காரையை உடைக்கிறது, தண்ணீர் கழுவிக்கொண்டே வருகிறது. முனையைப் பல்லுக்குப் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து, அழுத்தாமல் நகர்த்தினால் எனாமலுக்குச் சேதம் வராது. முனையைக் குத்தாகப் பிடித்தால் கீறும். அது கையின் பிழை, முறையின் பிழை இல்லை. ஆனால் ஸ்கேலிங் பல்லின் உள்நிறத்தைத் துளியும் மாற்றாது. 'கிளீனிங் பண்ணியும் வெள்ளையாகவில்லை' என்ற வருத்தம் இங்கேதான் பிறக்கிறது. கறைதான் போகும், மஞ்சள் டென்டின் அப்படியேதான் இருக்கும்.

இனி வீட்டு வைத்தியம். இதில் எலுமிச்சையைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் போன எனாமல் திரும்ப வராது. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 2-க்கும் 2.5-க்கும் நடுவில். எனாமல் கரையத் தொடங்குவது சுமார் 5.5-இல். பிஎச் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு, 5.5-இலிருந்து 2.5-க்கு இறங்கினால் அமிலத்தன்மை ஆயிரம் மடங்கு. அந்தச் சாற்றைப் பல்லில் தடவிய சில நிமிடங்களில் எனாமலின் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்துக்குக் கனிமம் கரைந்து மெதுமெதுவென்று ஆகிறது. அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் மெத்தென்ற அந்த அடுக்கு அப்படியே பெயர்ந்து வந்துவிடும். வெளிக்கறையும் அதோடு போவதால் பல் வெளுத்தது போலத் தெரியும். கூடவே, அரிக்கப்பட்ட பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கும். தெளிந்த கண்ணாடியை உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளையாகத் தெரியுமே, அதே கதைதான். ஈரம் காய்ந்திருக்கும்போது இந்த வெளுப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். இதைப் பார்த்துத்தான் 'முதல் நாளே பலன் தெரிந்தது' என்கிறார்கள்.

சில வாரம் கழித்து என்ன ஆகும்? சொரசொரப்பான பரப்பில் தேநீர்க் கறை முன்னைவிட வேகமாக ஒட்டும். எனாமல் மெலிந்ததால் டென்டினின் மஞ்சள் கூடுதலாகத் தெரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசும். மஞ்சள் கூடிவிட்டதே என்று மறுபடி எலுமிச்சையை எடுப்பார்கள். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிட்டன. இழந்த அடுக்கை உடல் மீண்டும் கட்டாது. உமிழ்நீர் மென்மையான பரப்பை ஓரளவு இறுக்கித் தரும், பெயர்ந்து போனதைத் தராது. எலுமிச்சைச் சாறோ புளிப்பான பானமோ குடித்தாலும் இதே காரணத்தால் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரைமணி நேரமாவது கழித்துத்தான் பல் துலக்க வேண்டும்.

பேக்கிங் சோடாவை எலுமிச்சையோடு ஒரே கட்டத்தில் போடுவது நியாயமில்லை. சோடா காரத்தன்மை கொண்டது, எனாமலைவிட மிருதுவானது: கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் சோடா 2.5, எனாமல் 5. வெளிக்கறையை மெதுவாக எடுக்கும், பல்லை அதிகம் தேய்க்காது. குறை வேறு இடத்தில்: அதில் ஃபுளோரைடு இல்லை. பேஸ்டை விட்டுவிட்டு வெறும் சோடாவில் துலக்குபவர் சொத்தைக்குக் கதவைத் திறந்து வைக்கிறார். சோடா கலந்த ஃபுளோரைடு பேஸ்ட் என்றால் தொல்லை இல்லை. ஆனால் சோடாவில் எலுமிச்சையைப் பிழிந்து, பொங்குவதைப் பார்த்து 'வேலை செய்கிறது' என்று நம்புவது வீண். அந்த நுரை கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்கின்றன. சாறு கூடுதலாக விழுந்தால் மிஞ்சுவது அமிலம்.

கரித்தூளில் இரண்டு சிக்கல். துகளின் அளவும் கூர்மையும் பொருளுக்குப் பொருள் மாறும், எது எவ்வளவு அரிக்கும் என்று வாங்குபவருக்குத் தெரியாது. அடுத்தது யாரும் சொல்லாதது: நுண்ணிய கரித்துகள்கள் எனாமலின் மயிரிழை விரிசல்களிலும், நிரப்பிய பல்லின் ஓரத்திலும், வெனீரின் (பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய தகடு) விளிம்பிலும் போய் உட்காரும். வெள்ளையாக்கப் போட்ட பொடி கறுப்புக் கோடு போட்டுவிடும். நிரப்பின் ஓரத்தில் புகுந்த கறையைப் பாலிஷ் செய்து எடுக்க முடியாமல், சில சமயம் நிரப்பையே மாற்ற வேண்டியிருக்கும். நச்சை உறிஞ்சும் கரி, மஞ்சளையும் உறிஞ்சும் என்பது வாதம். உறிஞ்சுவதற்கு மஞ்சள் வெளியே இருக்க வேண்டுமே.

வெள்ளையாக்கும் பேஸ்டுகளில் பெரும்பாலானவை செய்வது வெளிக்கறையைத் தேய்த்தெடுப்பது மட்டும். ஒரு பேஸ்ட் டென்டினை எவ்வளவு அரிக்கிறது என்பதற்கு ஆர்டிஏ என்றொரு எண் உண்டு. சர்வதேசத் தர அளவில் 250 உச்சவரம்பு. ஈறு இறங்கி வேர் தெரிபவர்களும் பல் கூச்சம் உள்ளவர்களும் எண் குறைந்த பேஸ்டாகப் பார்த்து எடுக்க வேண்டும், மிருதுவான பிரஷ்ஷோடு. சில பேஸ்டுகளில் புளூ கோவரின் என்ற நீல நிறமி இருக்கும். அது பல்லின் மேல் மெல்லிய நீலப் படலமாகப் படிந்து மஞ்சளை மட்டுப்படுத்திக் காட்டும், வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது போல. துலக்கிய கையோடு தெரியும், சில மணி நேரத்தில் போகும். ஒரு விசேஷத்துக்குப் போகும் முன் பயன்படுத்துவதில் தவறே இல்லை; பல் வெளுத்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

உள்நிறத்தை உண்மையில் மாற்றுவது பெராக்சைடு ஒன்றுதான். இது எனாமலை அரித்து வெளுக்கிறது என்பது மிகப் பரவலான தவறு. பெராக்சைடு மூலக்கூறு மிகச் சிறியது. எனாமலின் நுண்துளைகள் வழியாக ஊடுருவி டென்டினுக்குள் போகிறது. அங்கே நிறம் தரும் பெரிய கரிமச் சேர்மங்களின் இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜனேற்றத்தால் உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஒளியை முன்போல உறிஞ்சுவதில்லை, அதனால் வெளிறித் தெரிகின்றன. பல்லிலிருந்து எதுவும் சுரண்டப்படவில்லை. பிஎச் நடுநிலைக்கு அருகில் உள்ள தரமான ஜெல்லில் எனாமலின் கடினத்தன்மை சற்றே குறைந்தாலும் உமிழ்நீரும் ஃபுளோரைடும் அதை மீட்டுவிடும். பயப்பட வேண்டியது அமிலத்தன்மை கொண்ட மலிவுப் பொருள்களுக்கு. குறிப்பாக, 'பெராக்சைடு இல்லாதது' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு குளோரின் டை ஆக்சைடு வைத்திருப்பவை. அவை எலுமிச்சை செய்த அதே வேலையைச் செய்யும். காயம் கழுவும் 3 சதவீதப் பெராக்சைடை வாயில் ஊற்றிக் கொப்பளிப்பதும் பயனற்றது. அரை நிமிடத்தில் அது பல்லுக்குள் போகாது. உமிழ்நீரில் இருக்கும் என்சைம்கள் அதற்குள் அதை நுரையாக்கிவிடும். தினமும் செய்தால் வாய்த்தோல் எரிந்து உரியும்.

செறிவு கூடினால் வெள்ளை கூடும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் டிரேயில் (பல்வரிசையில் மாட்டும் பிளாஸ்டிக் உறை) வைக்கும் ஜெல் பெரும்பாலும் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு. அது வாயில் உடைந்து சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடையும் மீதி யூரியாவையும் தருகிறது. மருத்துவமனையில் நாற்காலியில் வைத்துப் போடுவது 35 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, பத்து மடங்கு. நாற்காலி முறையில் ஒரே நாளில் மாற்றம் தெரியும். டிரே முறையில் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆனால் முடிவில் எட்டும் வெளுப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அட்டையிலோ பெட்டியிலோ 10 என்றும் 6 என்றும் எண்ணைப் பார்த்து ஒப்பிடுபவர்கள், எது கார்பமைடு எது ஹைட்ரஜன் என்று முதலில் பாருங்கள். 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 16 சதவீதக் கார்பமைடுக்குச் சமம்.

இரவில் டிரே போடும் இந்த முறையை 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். இத்தனை ஆண்டுகளில் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்ட முறையும் இதுதான். அவசரம் இல்லாத எவருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

ஜெல் போட்ட பல்மேல் காட்டும் அந்த நீல விளக்கு? விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது நிறத்தில் கணிசமான வித்தியாசம் இல்லை என்றுதான் ஒப்பீட்டு ஆய்வுகள் பெரும்பாலும் சொல்கின்றன. ஜெல் போட்டு முடித்த அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும் வெள்ளை தெரிவதற்கு முக்கியக் காரணம் ஈரம் காய்ந்துபோனது. வாயைத் திறந்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், பிளீச்சிங்கே செய்யாவிட்டாலும் பல் வெளிறும். விளக்கின் சூடு அதைக் கூட்டும். ஓரிரு நாளில் ஈரம் ஊறியதும் நிறம் இறங்கும். இதைப் பார்த்து 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று கொதிப்பவர்கள் உண்டு. நிலையான நிறத்தை அறிய இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். சூடு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. குரங்குப் பற்களில் 1965-இல் ஸாக், கோஹன் செய்த பரிசோதனையில் பல்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோது சுமார் 15 சதவீதப் பற்களின் கூழ் மீளவில்லை. சூடு கக்கும் விளக்கைப் பல்லருகே நீண்ட நேரம் வைப்பதை விரும்பாததற்கு இதுவே போதுமான காரணம். வீட்டுக்கு வரும் பெட்டிகளில் இருக்கும் பேட்டரி விளக்கு சூடும் தராது, பலனும் தராது.

டிரே முறையில் தவறு நடப்பது பெரும்பாலும் ஜெல் வைக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான், அதனால் கிட்டத்தில் நின்று சொல்கிறேன். பல் அச்செடுத்து, மாதிரி வார்த்து, அதன்மேல் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி உறிஞ்சி ஒட்டவைத்துச் செய்வது டிரே. முதலில் பல் துலக்கி, இடுக்குகளில் நூல் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். டிரேயின் உட்புறம், பல்லின் உதட்டுப் பக்கம் வரும் சுவரில், ஒவ்வொரு பல்லுக்கும் அரிசி அளவு ஜெல். நடுவில் வையுங்கள், விளிம்பில் வேண்டாம். ஒரு தாடைக்கு அரை மில்லிலிட்டர் தாராளம். டிரேயைப் பொருத்தி, விரலால் வெளிப்புறத்தை மெதுவாக நீவினால் ஜெல் பரவிப் பல்லை மூடும். ஈறுமேல் வழிந்ததை உலர்ந்த பிரஷ்ஷாலோ பஞ்சாலோ துடைத்தெடுங்கள். வழியவே இல்லையென்றால் அளவு சரி. டிரே நிறைய ஜெல்லைப் பிதுக்கி நிரப்புபவர்களுக்கு நடப்பது: கூடுதல் ஜெல் முழுக்க ஈறுக்கும் தொண்டைக்கும் போகிறது, பல்லுக்கு ஒரு பலனும் இல்லை. காலையில் டிரேயைக் கழற்றி, பல்லைத் துலக்கி, டிரேயைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி மூடி போட்ட பெட்டியில் வையுங்கள். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும், பிறகு பொருந்தாது. ஜெல்லைக் குளிரான இடத்தில் வையுங்கள், பெராக்சைடு சூட்டில் வீரியம் இழக்கும்.

எத்தனை மணி நேரம்? 10 சதவீதக் கார்பமைடு என்றால் இரவு முழுவதும் வைக்கலாம்: இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் பாதிக்குமேல் வீரியம் இருக்கும், பத்து மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரவில் முடியாதவர்கள் பகலில் இரண்டு மணி நேரம் போட்டாலும் நடக்கும், நாள்தான் கூடும்.

பல் கூச்சம் வந்தால் எனாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெராக்சைடு கால் மணி நேரத்துக்குள் பல்கூழ்வரை எட்டிவிடுகிறது. அங்குள்ள நரம்பு லேசாக எரிச்சல்படுகிறது. எதுவும் படாமலே ஒரு பல்லில் மின்சாரம் பாய்ந்தது போல நொடிநேரம் சுண்டும். நிறுத்திய சில நாளில் தானாக அடங்கும். ஏற்கனவே கூச்சம் உள்ளவர்கள் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்டில் துலக்கிவரலாம். நடுவில் கூசினால் அதே பொட்டாசியம் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் கொண்ட ஜெல்லை அந்த டிரேயிலேயே 10 முதல் 30 நிமிடம் வைக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். நாள் தள்ளிப்போவதால் பலன் குறையாது. ஆனால் ஒரே ஒரு பல்லில் மட்டும் வலி விண்ணென்று நின்று தொடர்ந்தால் அது வேறு கதை: விரிசலோ சொத்தையோ ஓட்டை விட்ட பழைய நிரப்போ இருக்கும். நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

ஈறில் ஜெல் பட்டால் முதலில் சுருக்கென்று எரியும், பிறகு அந்த இடம் வெளிறி வெள்ளைத் திட்டாகும். பார்க்கப் பயமாக இருக்கும். உடனே தண்ணீரால் நன்றாகக் கழுவினால், வீட்டு ஜெல்லின் திட்டு சில மணி நேரத்தில் மறையும். 35 சதவீதம் பட்டால்தான் உண்மையான புண், ஆற நாள்கணக்கில் ஆகும். அதனால்தான் நாற்காலி முறையில் ஒளியால் இறுகும் ரெசினை ஈறின்மேல் வேலி போல் போட்டு மூடுகிறார்கள். அந்த வேலியைப் போடாமல் ஜெல்லைத் தொடங்கும் இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம்வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருள்களைப் பல் மருத்துவர் வழியாகத்தான் தொடங்க முடியும், 18 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. வைத்த கட்டுப்பாட்டுக்குக் காரணம் இல்லாமலில்லை.

பல்லில் ஒட்டும் வெள்ளையாக்கும் பட்டைகளும் பெராக்சைடுதான், வேலை செய்யும். பற்கள் வரிசையாக இருந்தால் மட்டும். முன்பின்னாக இருக்கும் பல்லில் பட்டை மடிப்புகளில் தொடாது, திட்டுத்திட்டாக வெளுக்கும். முன்பற்களோடு பட்டை முடிந்துவிடுவதால் அகலமாகச் சிரிப்பவர்களுக்குப் பின்னால் மஞ்சள் எல்லைக்கோடு தெரியும்.

பிளீச் எதை வெளுக்காது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கேப், வெனீர், பல் நிற நிரப்பு ஆகிய மூன்றும் இம்மியும் மாறாது. சுற்றியுள்ள பல் வெளுத்ததும் இதுவரை ஒன்றிப்போயிருந்த பழைய நிரப்பு மஞ்சள் புள்ளியாகத் துருத்தித் தெரியும். எனவே முதலில் வெளுத்து, நிறம் நிலைத்தபின் புது நிரப்பும் கேப்பும் அந்த நிறத்துக்குப் போட வேண்டும். நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி கட்டாயம். நிறம் அடங்குவதற்கு மட்டும் இல்லை: பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன், நிரப்பும் ரெசின் இறுகுவதைத் தடுக்கும். அவசரப்பட்டு ஒட்டினால் ஒட்டு பலவீனமாகி நிரப்பு கழன்று வரும்.

வரிசையில் ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாகவோ பழுப்பாகவோ இருந்தால் பிளீச்சிங் பற்றியே நினைக்காமல் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். பல வருடம் முன்பு விழுந்த அடியில் அந்தப் பல்லின் கூழ் இறந்திருக்கலாம், வேர் முனையில் சீழ்க்கட்டி சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கலாம். டிரேயில் வெளுத்தால் அடையாளம் மறையும், நோய் மறையாது. வேர் சிகிச்சை முடித்த பல்லை உள்ளிருந்தே வெளுக்கும் முறை உண்டு. வேர் நிரப்பின்மேல் 2 மில்லிமீட்டர் தடிமனில் சிமெண்ட் தடுப்பு போட்டு, அதற்குமேல் சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து வைத்து அடைப்பார்கள். சில நாளுக்கு ஒருமுறை மாற்றினால் மூன்று நான்கு தடவையில் நிறம் வரும். தடுப்பு போடாமலோ 30 சதவீதப் பெராக்சைடைச் சூடாக்கியோ செய்தால் வேரின் கழுத்துப்பகுதி வெளியிலிருந்து கரைய ஆரம்பிக்கும். அது தெரியவருவது வருடங்கள் கழித்து.

எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பல் உருவாகும்போதே நிறம் உள்ளே பூட்டப்பட்டிருக்கும். சாம்பல் பட்டைகள்தான் மிகப் பிடிவாதம், அதிலும் ஈறோரத்தில். இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்காததால் 'எனக்கு பிளீச் ஏறாது' என்று விட்டுவிடுகிறார்கள். இரவு டிரேயை இரண்டு முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்வரை தொடர்ந்தால் நல்ல மாற்றம் வருகிறது. ஃபுளோரைடு மிகையால் வந்த வெள்ளைத் திட்டுகள் பிளீச் தொடங்கிய முதல் வாரத்தில் இன்னும் பளிச்சென்று ஆகும், மிரள வேண்டாம். சுற்றியுள்ள பல் வெளுக்க வெளுக்க வேறுபாடு குறையும். குறையாதவற்றுக்கு, திட்டுக்குள் ரெசினை ஊறவைக்கும் சிகிச்சை தனியாக இருக்கிறது.

எவ்வளவு வெள்ளை ஆகும் என்ற கேள்விக்கு, தொடங்கும் முன்பே ஷேடு கைடு (பல் நிறங்களின் மாதிரி வரிசை) வைத்துப் பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வது நல்ல பதில். வழக்கமான கைடில் 16 நிறங்கள், ஏ முதல் டி வரை நான்கு குடும்பங்கள். மஞ்சள், பழுப்புச் சாயல் உள்ளவை சுலபமாக ஏறும். சாம்பல் சாயல் உள்ளவை மெதுவாக. தினம் கண்ணாடி பார்ப்பவருக்குத் தன் பல் மாறியது தெரிவதில்லை, அதனால் மேல் தாடையை மட்டும் முதலில் செய்து கீழ்த் தாடையை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைப்பது நல்ல உத்தி. கண்ணின் வெள்ளை விழியைவிடப் பல் வெள்ளையாகிவிட்டால் முகத்தில் பல்தான் முதலில் தெரியும். அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துவது அழகு என்பது என் கருத்து.

பிளீச் செய்யும் நாள்களில் வெள்ளை உணவு மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற கட்டளைக்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை. நிறம் அதிகமுள்ளவற்றை ஜெல் எடுத்த முதல் சில மணி நேரம் தவிர்த்தால் போதும். புகையிலை விஷயத்தில் சலுகை கிடையாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவது நல்லது. சொத்தையும் ஈறு நோயும் உள்ளவர்கள் முதலில் அவற்றை முடிக்க வேண்டும்.

ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் நிற்காது. ஓரிரு வருடத்தில், சிலருக்கு மூன்று வருடத்தில், நிறம் மெல்லத் திரும்பும். அதற்காக முழுச் சிகிச்சையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. பழைய டிரே பத்திரமாக இருந்தால் இரண்டு மூன்று இரவு போதும். இடையில் புதுக் கேப்போ நிரப்போ போட்டிருந்தால் டிரே சரியாக உட்காராது. உட்கார்ந்தாலும் ஓரத்தில் இடைவெளி விட்டு ஜெல் ஈறுக்கு ஒழுகும். போட்டுப் பார்த்து, எந்தப் பல்லிலாவது தூக்கிக்கொண்டு நின்றால் புது அச்சு எடுத்துக்கொள்ளுங்கள்.